'இல்லை' சொன்ன மேதை: மதுரையில் பிறந்த டி மார்கன்

அரியலூர் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஆழமான சுண்ணாம்புக் கல் சுரங்கங்கள். வானத்தைத் தொடுவதுபோல் நிற்கும் சிமெண்டு ஆலைகள். கல்லைச் சுமந்துகொண்டு இரவும் பகலும் ஓடும் ரப்பர் பெல்ட்டுகள்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அந்தப் பூமி கடலாக இருந்தது. அன்று கடலடியில் படிந்த சுண்ணாம்புதான் இன்று சிமெண்டு மூட்டையாக ஊர் ஊராகப் போகிறது.

ஓடுகிற பெல்ட்டின் ஓரமாக ஒரு கயிறு கட்டியிருக்கும். தொழிலாளி ஒருவரின் சட்டை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றைப் பிடித்து இழுத்தால் போதும். எந்த இடத்தில் இழுத்தாலும் பெல்ட்டு நின்றுவிடும். ஓர் உயிர் தப்பும்.

எப்போது பெல்ட்டை ஓட்டலாம், எப்போது ஓட்டக்கூடாது என்று கணக்குப் பார்ப்பது யார்? இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு மின்னணுக் கருவி. பி.எல்.சி. என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். பெரிய ஆலைக்குப் பெரிய கருவி. சின்ன வேலைக்குக் கையளவு கருவி. என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே அதன் நினைவில் எழுதி வைத்துவிடலாம்.

அந்தக் கருவியைப் பழக்குகிறவர்கள் படிக்கும் முதல் விதிகளில் ஒன்றுக்கு ஒரு மனிதரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் 1871-ம் ஆண்டிலேயே இறந்துபோனவர். மின்சார விளக்கு எரியும் வீட்டைக்கூடப் பார்த்திராதவர்.

அவர் பிறந்த ஊர் மதுரை!

கும்பினி அதிகாரியின் மகன்

அகஸ்டஸ் டி மார்கன் 1806-ம் ஆண்டு ஜூன் 27-ந்தேதி மதுரையில் பிறந்தார். தகப்பனார் ஜான் டி மார்கன் கிழக்கிந்தியக் கும்பினியின் பட்டாளத்தில் லெப்டினன்ட் கர்னல். குழந்தை பிறந்து 13 நாட்கள்தான் ஆகியிருந்தன. ஜூலை 10-ந்தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் புரட்சி செய்தார்கள். கும்பினியார் கதிகலங்கிப்போன காலம் அது.

அந்தக் குடும்பத்துக்கு வேறொரு துயரமும் வந்தது. பிறந்த கொஞ்ச நாளிலேயே குழந்தையின் வலது கண் பார்வை போய்விட்டது. ஆயுள் முழுவதும் ஒரே கண்தான்.

ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அதற்குப் பிறகு அவர் தாம் பிறந்த மண்ணைப் பார்க்கவே இல்லை. தகப்பனார் மட்டும் வேலை நிமித்தம் இந்தியா வந்து போய்க்கொண்டிருந்தார். 1816-ல் ஊர் திரும்பும் வழியில், செயிண்ட் ஹெலினா தீவுக்கு அருகே கப்பலிலேயே காலமானார். அப்போது பையனுக்கு வயது பத்து.

பள்ளிக்கூடத்தில் ஒற்றைக் கண் பையனை மற்றப் பிள்ளைகள் பாடாய்ப் படுத்தினார்கள். விளையாட்டில் சேர அவனால் முடியவில்லை. படிப்பிலாவது சூரனா என்றால் அதுவும் இல்லை. அவனிடம் கணக்கு ஒளிந்திருப்பது யாருக்கும் தெரியவில்லை.

14 வயதில் ஒரு நாள் அவன் அளவுகோலும் கவராயமும் வைத்துக்கொண்டு யூக்ளிட்டின் வடிவம் ஒன்றை வெகு சிரத்தையாக வரைந்துகொண்டிருந்தான். குடும்ப நண்பர் ஒருவர் அதைப் பார்த்தார். அது படம் வரைவதற்கு அல்ல, ஒன்றை நிரூபிப்பதற்கு என்று விளக்கினார். அவ்வளவுதான். பையன் கணக்கின் பின்னால் போய்விட்டான். தாயார் வழி முன்னோரில் ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித அறிஞர் ஒருவர் இருந்தார். அந்த ரத்தம் சும்மா இருக்குமா?

முதல் 'இல்லை'

தாயாருக்கு மகனைப் பாதிரியாராக்க ஆசை. மகன் 1823-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் டிரினிடி கல்லூரியில் சேர்ந்தார். புல்லாங்குழல் வாசிப்பார். பாடத்தில் இல்லாத புத்தகங்களையெல்லாம் படிப்பார். 1827-ல் கணிதப் பரீட்சையில் நாலாவதாகத் தேறினார்.

மேற்பட்டம் வாங்கினால் அங்கேயே உத்தியோகம் கிடைத்திருக்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும்.

டி மார்கனுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. ஆனால் ஒருவனின் மனத்தில் இருப்பதைக் கையெழுத்து வாங்கிச் சோதிப்பது தவறு என்பது அவர் எண்ணம். கையெழுத்துப் போட மறுத்தார். பட்டமும் போயிற்று, உத்தியோகமும் போயிற்று. வேண்டா வெறுப்பாகச் சட்டம் படிக்கப் போனார்.

அந்தச் சமயத்தில் லண்டனில் ஒரு புதுக் கல்லூரி தோன்றியது. மாணவனிடமோ ஆசிரியரிடமோ மதம் கேட்பதில்லை என்பது அதன் கொள்கை. 1828-ல் டி மார்கன் அங்கே கணிதப் பேராசிரியர் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். வயது 21!

மூன்றே வருடம். 1831-ல் உடல்கூறு கற்பித்த பேராசிரியர் ஒருவரை நிர்வாகம் நீக்கியது. அது நியாயமல்ல என்று சொல்லி டி மார்கனும் ராஜினாமா செய்துவிட்டார். நீக்கப்பட்டவர் அவருடைய துறைக்காரர்கூட அல்ல. அவர் இடத்துக்கு வந்தவர் 1836-ல் தண்ணீரில் மூழ்கி இறந்தார். கல்லூரி மறுபடி அழைத்தது. போனார்.

1837-ல் சோபியா பிரெண்டு என்ற பெண்ணை மணந்தார். பொருத்தமான சம்பந்தம்தான்! மாமனார் வில்லியம் பிரெண்டும் மதக் கருத்துக்காகக் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியேற்றப்பட்டவர்.

இரண்டு கதவுகள்

1847-ம் ஆண்டில் டி மார்கன் தர்க்கம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஜார்ஜ் பூல் என்ற அவருடைய நண்பரும் தர்க்கத்தைக் கணக்காக மாற்றும் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தத்துவக்காரர்கள் கையில் இருந்த தர்க்கத்தை இந்த இருவரும் கணக்குப் பிள்ளையின் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். பூலின் மனைவி மேரிக்கு இந்தியாவோடு ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவை அளந்த ஜார்ஜ் எவரெஸ்டு அவருக்குப் பெரியப்பா முறை.

டி மார்கன் பெயரால் வழங்கும் விதியைப் பள்ளிக்கூடம் போகாதவர்களும் புரிந்துகொள்ளலாம்.

ஒரு வீட்டுக்கு முன் கதவு ஒன்று, பின் கதவு ஒன்று. ஊருக்குக் கிளம்பும்போது 'முன் கதவும் பூட்டியாயிற்று, பின் கதவும் பூட்டியாயிற்று' என்று மகன் சொல்கிறான். அது பொய். அப்படியானால் உண்மை என்ன? இரண்டு கதவுமே திறந்து கிடக்கின்றன என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது தவறு. முன் கதவு பூட்டவில்லை, அல்லது பின் கதவு பூட்டவில்லை. ஒன்று திறந்திருந்தாலே போதும், பையன் சொன்னது பொய்தான். இரண்டுமே திறந்தும் இருக்கலாம்.

இப்போது திருப்பிப் பாருங்கள். 'ஏதோ ஒரு கதவு திறந்திருக்கிறது' என்று பையன் சொல்கிறான். அது பொய் என்றால் முன் கதவும் பூட்டியிருக்கிறது, பின் கதவும் பூட்டியிருக்கிறது.

இவ்வளவுதான் விதி. 'இல்லை' என்ற சொல் உள்ளே நுழைந்தால் 'இதுவும் அதுவும்' என்பது 'இதுவோ அதுவோ' என்று மாறும். 'இதுவோ அதுவோ' என்பது 'இதுவும் அதுவும்' என்று மாறும். ஓக்காம் ஊர் வில்லியம் போன்ற பழைய அறிஞர்களும் இதை அறிந்திருந்தார்கள். டி மார்கன் அதைக் கணக்கு வழியில் எழுதிக் காட்டினார்.

இதனால் யாருக்கு என்ன லாபம்? அன்று யாருக்கும் தெரியாது. 90 ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

தர்க்கம் கம்பிக்குள் புகுந்தது

1937-ல் அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். டெலிபோன் நிலையங்களில் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்த ரிலே சுவிட்சுகளைப் பற்றியது அது. சுவிட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் எல்லாம் மூடினால்தான் மின்சாரம் போகும். அதுதான் 'இதுவும் அதுவும்'. பக்கத்தில் பக்கத்தில் பிரித்துக் கட்டினால் ஏதாவது ஒன்று மூடினாலே போதும். அதுதான் 'இதுவோ அதுவோ'. பூலும் டி மார்கனும் எழுதிய கணக்கைக் கொண்டு சுவிட்சுக் கட்டமைப்பைச் சுருக்கலாம் என்று ஷானன் காட்டினார்.

அதன் பிறகு தொழிற்சாலைகளில் அலமாரி அலமாரியாக ரிலேக்கள் நின்றன. ஒரு சின்ன மாறுதல் செய்யவேண்டுமானாலும் கம்பிகளைக் கழற்றி மறுபடி மாட்டவேண்டும். 1969-ல் அமெரிக்காவில் டிக் மார்லி என்பவரின் குழு ஒரு கருவியைச் செய்தது. கம்பியை மாற்றவேண்டாம், உள்ளே எழுதியதை மாற்றினால் போதும். பி.எல்.சி. பிறந்தது.

அந்தக் கருவி என்ன செய்கிறது? வெளியிலிருந்து வரும் கம்பிகளில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறது. உள்ளே எழுதியிருக்கும் கட்டளைகளை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. எந்த மோட்டார் ஓடலாம், எது நிற்கவேண்டும் என்று உத்தரவு போடுகிறது. உடனே மறுபடி முதலிலிருந்து! ஒரு சுற்றுக்குச் சாதாரணமாக ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்குதான் ஆகும்.

எலி கடித்தால்?

மறுபடி அரியலூர் பெல்ட்டுக்கு வருவோம். பெல்ட்டு நெடுகிலும் கயிற்றுச் சுவிட்சுகள் இருக்கின்றன. அவற்றை இரண்டு விதமாக இணைக்கலாம்.

முதல் வழியில், கயிற்றை இழுத்தால் சுவிட்சு மூடி மின்சாரம் வரும். எல்லாச் சுவிட்சையும் பக்கம் பக்கமாகக் கட்டவேண்டும். எந்தச் சுவிட்சிலிருந்து மின்சாரம் வந்தாலும் பெல்ட்டை நிறுத்து என்று கருவிக்குச் சொல்லிவைக்கலாம்.

இரண்டாம் வழி தலைகீழ். சாதாரணமாகச் சுவிட்சு மூடியே இருக்கும். கயிற்றை இழுத்தால் திறந்து மின்சாரம் அறும். எல்லாச் சுவிட்சையும் ஒரே சரமாகக் கோக்கவேண்டும். சரத்தின் கடைசி முனையில் மின்சாரம் இருக்கிறவரையில்தான் பெல்ட்டு ஓடலாம்.

டி மார்கன் விதிப்படி இரண்டும் ஒன்றுதான். 'ஒன்றும் இழுக்கப்படவில்லை' என்பதும், 'இதுவும் நலம், அதுவும் நலம், எல்லாம் நலம்' என்பதும் ஒரே பொருள். காகிதத்தில் வித்தியாசமே கிடையாது.

ஆனால் கம்பியை எலி கடித்துவிட்டால்? லாரி இடித்துக் கம்பி அறுந்துவிட்டால்?

முதல் வழியில் பெல்ட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கயிற்றை இழுத்தாலும் செய்தி போகாது. கம்பி அறுந்தது ஆபத்து வேளையில்தான் தெரியவரும். இரண்டாம் வழியில் கம்பி அறுந்த அந்தக் கணமே பெல்ட்டு நின்றுவிடும். வேலை கெடும், மேஸ்திரி திட்டுவார். உயிர் போகாது. அதனால் ஆபத்துச் சுவிட்சுகளை இரண்டாம் வழியில் இணைப்பதே முறை. அதோடு, அவசர நிறுத்தத்துக்குச் சாதாரண பி.எல்.சி.யை மட்டும் நம்பியிராமல் தனிப் பாதுகாப்புச் சுற்றும் வைப்பார்கள்.

எதை நினைப்பது, எதை மறப்பது?

கையளவுக் கருவிகளில் நினைவு இடம் கொஞ்சம்தான். சிக்கனமாகச் செலவிட வேண்டும்.

சில வகைக் கருவிகளில் 'இல்லை' என்ற ஒவ்வொரு சொல்லும் ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். 'இது இழுக்கப்படவில்லை, அது இழுக்கப்படவில்லை, மூன்றாவதும் இழுக்கப்படவில்லை' என்று எழுதினால் மூன்று 'இல்லை', அவற்றைச் சேர்க்க ஒன்று, ஆக நான்கு கட்டம். 'இந்த மூன்றில் ஏதாவது இழுக்கப்பட்டதா, இல்லை' என்று எழுதினால் இரண்டே கட்டம். மதுரைக்காரரின் விதி இரண்டு கட்டத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது!

இன்னொரு சிக்கனமும் உண்டு. நான்கு பெல்ட்டுகள், ஆறு சுவிட்சுகள் என்று வையுங்கள். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஆறையும் எழுதினால் 24 கட்டளை. ஆறையும் ஒரே தடவை பார்த்து, விடையை நினைவில் ஒரு புள்ளியில் போட்டுவைத்து, நான்கு பெல்ட்டுகளும் அந்தப் புள்ளியை மட்டும் பார்த்தால் 6-ம் 1-ம் 4-ம் சேர்ந்து 11 கட்டளைதான். இடமும் மிச்சம். பின்னால் பிழை தேடுகிறவருக்கும் புண்ணியம்.

நினைவு என்றால் என்ன என்பதைப் பெரம்பலூர் விவசாயிகள் தினமும் பார்க்கிறார்கள். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் அந்தச் சீமையில் மோட்டார் கொட்டகைதோறும் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது. பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார்கள். மோட்டார் தொடர்ந்து ஓடுகிறது. எப்படி? பொத்தானுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வழி இருக்கிறது. மோட்டார் ஓடத் தொடங்கியதும் அந்த வழி மூடிக்கொண்டு மின்சாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. 'பச்சை அமுக்கப்பட்டது அல்லது ஏற்கெனவே ஓடுகிறது, சிவப்பு அமுக்கப்படவில்லை.' இதுதான் ஸ்டார்ட்டரின் தர்க்கம். ஓடிக்கொண்டிருப்பதே அதன் ஞாபகம்.

கரண்டு போனால் அது மறந்துவிடுகிறது. திரும்ப வந்தாலும் தானாக ஓடாது. இருட்டில் போய் மறுபடி அமுக்க வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டு தானியங்கிப் பெட்டி மாட்டுகிறவர்கள் உண்டு. அப்படி மாட்டியிருந்தால், மோட்டாரில் கை வைக்குமுன் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவது அவசியம். கரண்டு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

பி.எல்.சி.யிலும் இதே கேள்வி வருகிறது. பெல்ட்டு ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் கரண்டு போனதும் மறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெல்ட்டின் மேல் ஏறிப் பழுது பார்க்கிறவர் கதி என்ன ஆகும்? ஆனால் எத்தனை மூட்டை கட்டியாயிற்று என்பதை மறக்கக்கூடாது. மறந்தால் கணக்கு உதைக்கும். அதற்காகக் கருவியின் நினைவில் ஒரு பகுதி மறப்பதாகவும் இன்னொரு பகுதி மறக்காததாகவும் வைத்திருக்கிறார்கள். எதை எங்கே எழுதுவது என்று முடிவு செய்வது மனிதனின் வேலை.

ஓரணா விலையில் அறிவு

டி மார்கன் பணக்காரர்களுக்கு மட்டும் பாடம் சொல்லவில்லை. ஒரு பென்னி விலையில் சாதாரண ஜனங்களுக்காக வெளிவந்த கலைக்களஞ்சியத்துக்கு நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதிக் கொடுத்தார். இன்று பள்ளிப் புத்தகங்களில் 'கணிதத் தொகுத்தறிதல்' என்று வரும் முறைக்கு ஆங்கிலப் பெயரை நிலைக்கச் செய்தது அதில் 1838-ல் அவர் எழுதிய கட்டுரைதான். கவிஞர் பைரனின் மகள் ஆடா லவ்லேசுக்குக் கடிதம் மூலம் உயர்கணிதம் கற்பித்தார். பாபேஜ் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு என்னென்ன கட்டளை கொடுக்கலாம் என்று 1843-ல் எழுதிய அதே ஆடாதான்.

வேடிக்கையிலும் அவருக்கு விருப்பம் உண்டு. ஓர் ஆண்டின் எண், தம் வயதை அதே வயதால் பெருக்கிய எண்ணாக இருந்தது என்று விடுகதை போடுவார். 43-ஐ 43-ஆல் பெருக்கினால் 1849. அந்த ஆண்டில் அவருக்கு வயது 43! இது எல்லாருக்கும் வாய்க்காது. 1980-ல் பிறந்தவர்களுக்கு 2025-ல் வாய்த்தது. 45-ஐ 45-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

தாம் பிறந்த நாட்டையும் அவர் மறக்கவில்லை. டில்லியில் ஆசிரியராக இருந்த ராமச்சந்திரா என்பவர் 1850-ல் கல்கத்தாவில் ஒரு கணித நூல் வெளியிட்டார். உயர்கணிதம் தெரியாதவர்களும் சாதாரண அல்ஜீப்ரா கொண்டு சில கடினமான கணக்குகளைப் போடலாம் என்று காட்டிய நூல். உள்ளூரில் அதைக் கேலி செய்தார்கள். பிரதி ஒன்று டி மார்கன் கைக்குப் போயிற்று. அவர் கும்பினி டைரக்டர்களிடம் எடுத்துச் சொல்லி, தாமே முன்னுரை எழுதி, 1859-ல் லண்டனில் அந்நூலை மறுபதிப்புச் செய்தார். அந்த முன்னுரையில் இந்தியர்களின் பழைய கணித அறிவையும் மெச்சி எழுதினார்.

கடைசி 'இல்லை'

1866-ல் கல்லூரியில் தத்துவப் பேராசிரியர் பதவி காலியானது. ஜேம்ஸ் மார்ட்டினோ என்பவர் தகுதியானவர் என்று பலரும் சொன்னார்கள். ஆனால் அவர் யூனிடேரியன் பிரிவின் பாதிரியார் என்பதற்காக ஒதுக்கப்பட்டார். மதம் கேட்பதில்லை என்று ஆரம்பித்த கல்லூரி மதம் பார்த்துவிட்டது!

டி மார்கனுக்கு அப்போது வயது 60. முப்பது ஆண்டுகள் இடைவிடாமல் பாடம் சொன்ன இடம். அவருக்கும் மார்ட்டினோவின் பதவிக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை.

பட்டங்களையும் அவர் நாடவில்லை. எடின்பரோ சர்வகலாசாலை கௌரவ டாக்டர் பட்டம் தர முன்வந்தபோது மறுத்தார். ராயல் சொசைட்டியில் கடைசிவரை சேரவில்லை. கொஞ்சம் பிடிவாதக்காரர்தான். அந்தப் பிடிவாதத்தின் விலையைக் குடும்பமும் சேர்ந்து கொடுத்தது.

அவர் ஏற்றுக்கொண்ட கௌரவம் ஒன்று உண்டு. மகன் ஜார்ஜும் கணிதத்தில் கெட்டிக்காரர். நண்பரோடு சேர்ந்து லண்டன் கணிதச் சங்கத்தைத் தொடங்க முன்நின்றவர். 1865-ல் அந்தச் சங்கத்தின் முதல் தலைவராகத் தகப்பனாரே அமர்ந்தார். சந்தோஷம் நீடிக்கவில்லை. 1867-ல் ஜார்ஜ் இறந்தார். 1870-ல் ஒரு மகள் இறந்தாள். கிழவரின் உடல் உடைந்தது.

1871-ம் ஆண்டு மார்ச் 18-ந்தேதி லண்டனில் அகஸ்டஸ் டி மார்கன் காலமானார். வாழ்நாள் முழுவதும் அவர் தேடிச் சேர்த்த சுமார் 3 ஆயிரம் புத்தகங்களைப் பிரபு ஒருவர் விலைக்கு வாங்கி லண்டன் சர்வகலாசாலைக்குக் கொடுத்தார். அவை இன்றும் அங்கே இருக்கின்றன. சந்திரனில் உள்ள ஒரு சிறு பள்ளத்துக்கும் டி மார்கன் என்று பெயர்.